கேட்காமல் எழுதிய வரி

"பேருங்க?"

"மாணிக்கம்."

"வயசு?"

சென்னம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிளகுக் கொடியை ஏற்றிக் கட்டப் பலாமரம் ஏறிய அப்பா, வழுக்கி விழுந்து மண்டை உடைந்து கிடக்கிறார். இந்தக் கீழ்நாட்டு மனுஷன் என்னடாவென்றால் ஒரு கையால் காயத்தை அழுத்திக்கொண்டு மறு கையால் பென்சிலைத் தேடுகிறான்...

"ஏனுங்க, மொதல்ல ரத்தம் நிக்கட்டும். எழுத்தெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாமுங்க."

"கட்டிக்கிட்டேதானுங்க கேக்கறேன். கீழ ஆஸ்பத்திரியில நான் கூட இருக்க மாட்டேன். எனக்குப் பதிலா இந்தச் சீட்டுதான் பேசோணும். எப்ப உளுந்தாருங்க?"

அது 1936, ஐப்பசி அடைமழை. மலைமேல் சோளக்காட்டுச் சந்தையோரம் ஓலைக் கொட்டகை போட்டு, காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்துகொண்டிருந்தான் ராசாமணி. மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துப் பண்ணையக்காரர் வீட்டுப் பிள்ளை. அவள் சொன்ன நேரத்தை எழுதிக்கொண்டு, அடுத்த கேள்வி கேட்க நிமிர்ந்தான். சென்னம்மாளும் அதே நேரத்தில் பார்த்துத் தொலைத்தாள். அவள் இமையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது... அவன் பென்சில் அப்படியே நின்றது. பிறகு அவசரமாகக் குனிந்து, எழுதி முடித்து, சீட்டை அப்பாவின் துண்டில் குத்தினான்.

நல்ல கண்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பா இப்படிக் கிடக்கும்போது இது ஒரு நினைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாலு பேர் தூளி கட்டி, வழுக்குப் பாதையில் அப்பாவைச் சுமந்து மலையிறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தார். "மது அருந்திய நிலையில் மரத்திலிருந்து விழுந்தவர்."

"போதை தெளியட்டும். தாழ்வாரத்துல போடுங்க," என்றார்.

"எங்கப்பன் குடிக்கறவரு இல்லீங்க சாமி."

"எழுதியிருக்குதே."

எழுதியிருக்கிறது. அதற்கு மேல் யார் அவள் பேச்சைக் கேட்பார்கள்? அப்பாவின் நாக்கு வேறு குழறியது. பொழுது சாயும் நேரத்தில் வந்த டாக்டர்தான் இமையைத் தூக்கிப் பார்த்துத் துடித்துப்போனார். ஒரு கண்மணி மட்டும் பெரிதாக விரிந்திருந்தது. "இது போதையா? மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்குது. இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?"

அப்பா பிழைத்தார். வாய் திறந்து பேசப் பதினோரு நாள் ஆனது.

அவரை வீடு சேர்த்த மறுநாளே சென்னம்மாள் சோளக்காட்டுக்கு நடந்தாள். சந்தை நாள். அத்தனை ஜனத்துக்கும் நடுவில் கொட்டகை வாசலில் நின்றாள்.

"எங்கப்பன் குடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

ராசாமணி எழுந்து நின்றான். "சாராய வாடை அடிச்சுதுங்க..."

"காயத்துல சாராயம் ஊத்துனது நானுங்க. எங்கூர்ல வெட்டுக்காயத்துக்கு அதைத்தான் ஊத்துவோம். பேரைக் கேட்டீங்க, வயசைக் கேட்டீங்க, உளுந்த நேரத்தைக் கேட்டீங்க. இதை ஏன் கேக்கலை? மலைக்காரன்னா குடிகாரன்தான்னு உங்களுக்கே தெரிஞ்சு போச்சாக்கும்."

கிழங்கு வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. நடந்ததையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"தப்புங்க," என்றான், கூட்டத்துக்கும் கேட்கும்படி. "வாடை அடிக்குதுன்னு மட்டும் எழுதியிருக்கோணும். குடிச்சாருன்னு எழுதினது என்னோட தப்பு. மாணிக்கம் குடிக்கலீங்க."

சாக்குச் சொல்வான், நாலு வார்த்தை நன்றாகக் கேட்கலாம் என்றுதான் வந்திருந்தாள். இப்படி மடங்கி நிற்பவனை என்ன செய்வது? கோபம் இன்னும் கூடியது.

"ஏன் கேக்கலைன்னு இன்னும் சொல்லலையே."

ஜனம் கலைந்து போகும்வரை அவன் காத்திருந்தான். பிறகு மெல்ல... "கேக்கத்தானுங்க நிமிந்தேன். உங்க கண்ணைப் பாத்துட்டேன்... கேக்க வந்தது மறந்துபோச்சு. தடுமாறிப் போனது தெரியக்கூடாதுன்னு, நானா ஒண்ணை நெனச்சு எழுதிப்போட்டேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்குது. ஆனா அன்னியிலிருந்து உங்களை நெனைக்காத பொழுதில்லீங்க."

"எங்கப்பன் உசுரு ஊசலாடுச்சு. உங்களுக்குக் கண்ணு கேக்குதா?"

"அதனாலதானுங்க மன்னிப்புக் கேக்கக்கூட வாய் வரலை."

அவள் விருட்டென்று திரும்பி நடந்தாள். மழை பிடித்துக்கொண்டது. நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? கோபத்தில்தான்... வேறென்ன? அவன் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஊரறிய ஒப்புக்கொண்டானே என்று நினைத்ததும் கால் தானாக நின்றது. அதற்காகவும் அவன்மேல்தான் கோபம் வந்தது. திரும்பி வந்தாள்.

"எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. எங்கூட்டுக்கு வந்து, எங்கப்பன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

"சீட்டுல தப்பா எழுதினதைத்தானுங்களே?" என்று கேட்டவன், தயங்கினான். "இல்ல... இப்பச் சொன்னதையுமா?"

சென்னம்மாளின் முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"ரெண்டையுந்தான்," என்றாள்.