ஐந்தாவது அட்டை

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், நான்கு புத்தகங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவன் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தான். மணி இரண்டே கால். வாசலில் குடைகளுக்கென்று ஒரு இரும்புத் தொட்டி. அதற்கு மேலே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பலகை: நூலக விதிகள், மொத்தம் முப்பத்தொன்று. வெள்ளை எழுத்து அங்கங்கே உதிர்ந்திருந்தது. அவன் நின்று படிக்கவில்லை. பாதி அவனுக்கே மனப்பாடம். வீட்டில் அவன் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தவை.

"எழுந்தா நாற்காலியை உள்ள தள்ளணும். விதி ஒன்பது," என்று சாப்பாட்டு மேசையில் அவனை மிரட்டுவாள்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. தலைவலி என்றுதான் தொடங்கியது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கலாம் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டாள். அவனும் சரி என்றான். கொடுத்த ஒன்பதாம் நாள் குளியலறையில் விழுந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. அழுகை வரவில்லை. கோபம் வரவில்லை. கட்டட வரைபடம் வரைவது அவன் வேலை. காலையில் போய்க் கோடு போட்டான், சாயங்காலம் வந்து படுத்தான்.

படியேறும்போது மாமியார் போன் செய்தாள்.

"போயாச்சா மாப்பிள்ளை?"

"வந்துட்டேன் அத்தை."

"அஞ்சு மணிக்குள்ள அந்தச் சான்றைக் குடுக்கலேன்னா பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடுவாங்களாம். பட்டம் அவ பேர்ல வரணும்ப்பா. எனக்கு வேற என்ன இருக்கு."

"வாங்கிடறேன்."

ஆய்வேடு தேறிவிட்டது. பட்டம் தரவும் தயார். நூலகத்தில் எந்தப் புத்தகமும் பாக்கியில்லை என்ற நோ டியூ சான்று மட்டும்தான் குறை. கடைசி நாள்வரை இழுத்துக்கொண்டு வந்தது அவன்தான்.

கவுன்டரில் இருந்தவரை அவனுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவள் 'ரூல்ஸ்' என்று பெயர் வைத்திருந்த மனிதர். மெலிந்த உடம்பு, முழுக்கை சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. யாராவது தும்மினாலும் அதற்கொரு விதி எண் வைத்திருப்பார் என்பாள்.

அவன் சங்கதியைச் சொன்னான். ரூல்ஸ் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வையை மேசைக்கு இறக்கிக்கொண்டார்.

"எண் சொல்லுங்க சார்."

சொன்னான்.

இந்த நூலகத்தில் இன்னும் கணினி வரவில்லை. ஆய்வு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து அட்டைகள். ஒரு புத்தகம் எடுத்தால் ஓர் அட்டை கவுன்டரில் தங்கிவிடும். திருப்பிக் கொடுத்தால் அட்டை கைக்கு வரும். ஐந்து அட்டையையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால் கணக்கு முடிந்தது.

ரூல்ஸ் நான்கு புத்தகங்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மரத் தட்டிலிருந்து நான்கு அட்டைகளை உருவி வைத்தார். எல்லாம் எட்டு மாதத்துக்கு முந்தைய தேதிகள்.

"அஞ்சாவது?"

"வீட்ல நாலுதான் இருந்துச்சு. ஒண்ணு அவ எடுக்காமலே விட்டிருக்கலாம்."

"இல்லையே. அஞ்சாவதுக்கும் புத்தகம் போயிருக்கு." வேறொரு தட்டின் முன்வரிசையில் விரல் விட்டு ஓர் அட்டையை எடுத்தார். "இன்னிக்குத்தான் தவணை முடியுது. பதினாலு நாள் முன்னாடி எடுத்தது."

வெளியே மழை வலுத்தது.

"அவ இறந்து எட்டு மாசம் ஆச்சு," என்றான் அவன்.

ரூல்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். "அறைக்கு எடுத்தது சார் இது. மேல ஆய்வு அறையிலேயே வச்சுப் படிக்கிறவங்க, அட்டையையும் சீட்டையும் மாடிப் பெட்டியில போட்டுடுவாங்க. நான் சாயங்காலம் எடுத்து அடுக்குவேன். எண்ணைத்தான் பாப்பேன். பேரைப் பாக்கறதில்ல."

"யாராவது அவ அட்டையை எடுத்து..."

"அட்டை மேல அவங்களுக்குக் குடுத்த ஆய்வு அறையில, மேசை இழுப்பறைக்குள்ள இருந்திருக்கும். அறைச் சாவி அவங்ககிட்ட ஒண்ணு. இங்க ஒண்ணு. இங்க இருக்கறது இதோ." ஆணியில் தொங்கிய சாவியை அவர் காட்டினார். அதன் மேல் தூசி படிந்திருந்தது. "விதி இருபத்தஞ்சு. கணக்கு முடியாம அறையை நாங்க திறக்கக் கூடாது, கூட்டக் கூடாது. வாரிசு திறக்கலாம். இந்தாங்க சாவி, போய்ப் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க. மாடி அக்கா இருப்பாங்க."

அவளுடைய சாவி எங்கே என்று அவன் யோசித்தான். மருத்துவமனையில் கொடுத்த பையில் அது இருந்ததாக நினைவில்லை. தேடவும் இல்லை.

மேல்தளத்தில் விளக்குகள் எரியவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சுவிட்ச். போகிறவர் போட்டுக்கொண்டு, வரும்போது அணைக்க வேண்டும். பழைய தாளின் புளித்த வாடை. பாச்சை உருண்டை வாடை. அலமாரிகளுக்கு நடுவே இருட்டு கட்டிகட்டியாக நின்றது.

ஜன்னலோரம் ஸ்டூலில் மாடி அக்கா உட்கார்ந்திருந்தாள். பருத்த உருவம், வெறுங்கால். புத்தகம் அடுக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக இந்தத் தளத்தில் கிசுகிசுத்துப் பழகி, இப்போது உரக்கப் பேசவே வராது என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

அவன் கையில் சாவியைப் பார்த்ததும் அக்கா எழுந்தாள்.

"நீங்கதானா தம்பி," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "அவ காட்டின போட்டோவுல இன்னும் சதையா இருந்தீங்க."

"அவ அறைக்கு யார் வராங்க அக்கா?"

அக்கா குனிந்தாள். ஸ்டூலுக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தாள். வாசகர் தானாகப் புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைக்கக் கூடாது என்பது இங்கே விதி. படித்ததை வெளியே தள்ளுவண்டியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். எந்த மேசையிலிருந்து எத்தனை, என்ன பிரிவு என்று குறித்துக்கொண்டு அக்கா அடுக்குவாள்.

"அவ போனதா கீழ சொன்னாங்க. நாலு நாள் கழிச்சு சாயங்காலம் பாக்கறேன், அவ அறை வாசல் வண்டியில மூணு புத்தகம். யாரோ மாத்தி வச்சுட்டாங்கன்னு நினைச்சேன். மறுநாளும் மூணு."

"யாருன்னு பாக்கலையா?"

"என் ஸ்டூல் எங்க இருக்கு, அந்தக் கதவு எங்க இருக்கு, நீங்களே பாருங்க. ஈ நுழைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

நேர் எதிரே இருந்தது.

"கீழ சொல்லலையா அக்கா?"

"சொன்னா அறைக்கு சீல் வச்சுடுவாங்க. எனக்கு என்ன தொந்தரவு? ஒருநாளும் புத்தகத்தைக் கவுத்துப் போட்டதில்ல. மூலையை மடிச்சதில்ல. பின்ன உசிரோட இருக்கறதுங்க பண்ற அட்டகாசத்துக்கு..." அக்கா நோட்டைப் புரட்டினாள். "ஆனா சப்ஜெக்டை மாத்திட்டா. அதான் எனக்குப் புரியல."

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தான். ஐந்து மாதத்துக்கும் மேலாக ஒரே பிரிவு. இலைப் புள்ளி நோய்கள். அது அவளுடைய ஆய்வு. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து வேறு எண்கள்.

"இது என்ன பிரிவு அக்கா?"

"மருத்துவம். நரம்பு, மூளை. அந்த வரிசையில இருக்கறதை ஒண்ணு விடாம பாத்துட்டா."

அவன் தேதியை மறுபடி படித்தான்.

அந்தச் செவ்வாய் அவனுக்கு ஞாபகம் இருந்தது. அலுவலகத்தில் வரைபடத்தின் மேல் அளவுகோலை அழுத்திப் பிடித்திருந்தான். அது நழுவி, கோடு தாள் முழுக்க இழுத்துக்கொண்டு போனது. இடது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயிருந்தன. இன்றுவரை சரியாகவில்லை. ஊசி குத்திப் பார்த்தான், தெரியவில்லை. பெரிதாகக் கவலைப்படவும் தோன்றவில்லை.

அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது எதிரே, பூட்டிய கதவுக்குப் பின்னால், ஒரு பக்கம் புரண்டது.

மெதுவாக. மெல்லிய தாளின் ஓசை.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் வரல தம்பி," என்றாள். "சொந்தக்காரங்க போற இடம்."

அவன் நடந்தான். பதினான்கு எட்டுகள். பயம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. கதவின் மேற்பாதியில் பனிக்கண்ணாடி. அதன் பின்னால் மஞ்சளாக வெளிச்சம்.

மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாவியை நுழைத்தான். பூட்டு துருவோடு முனகியது.

இன்னொரு பக்கம் புரண்டது.

கதவைத் தள்ளினான்.

உள்ளே யாரும் இல்லை. இருவர் நின்றால் முட்டிக்கொள்ளும் இடம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. எட்டு மாதத் தூசி தரையில் மாவு போலப் படிந்திருந்தது. அதில் ஒரு காலடி கூட இல்லை. மேசையில் மட்டும் தூசி இல்லை.

நாற்காலி பின்னுக்கு இழுத்து, சற்றே திரும்பியிருந்தது. படித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டால் அப்படித்தான் திரும்புவாள்.

தடித்த புத்தகம் ஒன்று விரித்துக் கிடந்தது. அதன் மேல் ஒரு பென்சில். அது இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

நின்றது.

அவன் குனிந்து படித்தான். இடது கை விரல்களில் தொடர்ந்து உணர்விழப்பு, ருசி மங்குதல், நீண்ட அயர்ச்சி. அவற்றுக்குக் கீழே ஒரு வரி: இவை ஒன்றாகக் காணப்பட்டால் மேற்கொண்டு தாமதிக்கலாகாது.

அந்த வரியின் கீழ் பென்சில் கோடு. ஒன்றல்ல, மூன்று. மூன்றாவது கோடு தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுந்தியிருந்தது. புத்தகத்தில் புள்ளி வைப்பவனைக்கூட மன்னிக்காதவள் அவள்.

"பாத்துட்டேன்," என்றான். அவன் குரலும் அக்காவுடையதைப் போலக் காற்றாகத்தான் வந்தது.

விளக்கு அணைந்தது. சுவிட்ச் சொடுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

இருட்டில் நாற்காலி நகர்ந்தது. அவன் முழங்காலை உரசிக்கொண்டு, மெதுவாக, மேசைக்குள் போய் முட்டி நின்றது.

கவுன்டரில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்த ரூல்ஸ், கோடு போட்ட பக்கத்தில் நின்றுவிட்டார்.

"கோடு போட்டிருக்கே சார்."

"பென்சில்தான்."

"விதி இருபத்திரண்டு. கோடு போட்ட புத்தகத்தை வாங்க முடியாது." இழுப்பறையைத் திறந்து ரப்பர் ஒன்றை எடுத்துத் தள்ளினார். "அழிச்சிக் குடுங்க."

அவன் ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி நாலே கால். இதை அழித்து, ஒரு கையெழுத்துப் போட்டால் அத்தைக்கு மகளின் பட்டம் வந்துவிடும். அறையை வேறு யாருக்கோ கொடுப்பார்கள். நாளைச் சாயங்காலம் வண்டியில் மூன்று புத்தகம் இருக்காது.

"கணக்கை முடிக்காம விட்டா?" என்று கேட்டான்.

"சான்று கிடைக்காது."

"அறை?"

"அறை அவங்க பேர்லயே இருக்கும்." ரூல்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ரூல்ஸ்னு பேர் வச்சது அவங்கதான்னு தெரியும் சார். போய்ச் சேர்ந்தவங்களுக்கு இங்க விதி எதுவும் எழுதல. நீங்கதான் முடிவு பண்ணணும்."

மேலே அவள் செய்யவந்த வேலை முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது. ஆய்வேட்டைக் கட்டி முடித்த அன்றும் இப்படித்தான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

இடது கையால் தாளை அழுத்திக்கொண்டு அழித்தான். தாள் இருப்பது விரல்களுக்குத் தெரியவில்லை. கோடு போயிற்று. அழுந்திய பள்ளம் போகவில்லை. ரூல்ஸ் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். ஐந்து அட்டைகளின் மூலையையும் கத்தரியால் வெட்டினார். அவன் கையெழுத்துப் போட்டான். முத்திரை விழுந்தது.

நாலரைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் சான்றைக் கொடுத்தான். வாங்கியவர் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு குறி வைத்தார். அத்தைக்குப் போன் செய்து சொன்னான். அத்தை அழுதாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் தெருவில் நடந்தான். நரம்பு நோய் மருத்துவர் என்று போர்டு போட்டிருந்த முதல் கிளினிக்கில் ஏறினான். இதற்கு முன் அந்த இடத்தை அவன் பார்த்ததுகூட இல்லை. முன்கூடத்தில் ஐந்தாறு பேர். சீட்டு எழுதும் பெண் தலை நிமிராமல் பெயர் கேட்டாள். சொன்னான்.

"ஏற்கெனவே போட்டாச்சே சார். ஆறாம் நம்பர்."

"நான் போடலையே."

"கூட வந்தவங்க போட்டாங்க. இப்பதான், ஒரு கால் மணி நேரம் இருக்கும். இடது கையில மூணு விரல், ரெண்டு மாசமா இருக்கு, கேட்டா ஒண்ணுமில்லைம்பாருன்னு எல்லாம் சொல்லிட்டாங்க." அவள் சிரித்தாள். "உங்களுக்கு முந்தின நம்பர் வரல. நீங்களே போகலாம்."

அவன் நகரவில்லை.

"அவங்க எங்க?" என்று கேட்டான்.

"பேஷன்ட் மட்டும்தான் உள்ள போகணும்னு சொன்னேன் சார். அதான் இங்க விதின்னேன். கேக்கல. முன்னாடியே போய் உக்காந்துட்டாங்க."

உள்ளறைக் கதவில் சதுரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் வழியே மருத்துவர் தெரிந்தார். எதிரே இரண்டு நாற்காலிகள். அவற்றில் ஒன்றைப் பார்த்துத் தலையாட்டிக் கேட்டபடி, அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டும் காலியாக இருந்தன.