சுஷிக் கத்தியும் நமுத்த பாசித்தாளும்

2019ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வாள்களையும் பெரிய கத்திகளையும் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்குமாறு இலங்கைப் பொலிஸார் விடுத்திருந்த அறிவித்தலின் கடைசி நாள் அது. கற்பிட்டியில் காலையிலிருந்தே காற்று பலமாக வீசியது.

பத்து மணிக்கு, படகுக் காப்புறுதி மதிப்பீட்டாளர் இராமலிங்கத்தின் அலுவலகத்துக்கு ஸுல்பிகா வந்தாள். அங்கே அறிக்கைகள் தட்டச்சுச் செய்யும் அக்கீலா அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. ஸுல்பிகா கதிரையில் உட்காரவில்லை.

"கதவச் சாத்து புள்ள."

அக்கீலா சாத்தினாள்.

"சன்னலையும்."

அக்கீலா அதையும் சாத்தினாள். ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து இரண்டு வாரமாகியிருந்தது. முஸ்லிம் வீடுகளில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான் அவளுடைய வாப்பா, சுவரில் மாட்டியிருந்த அரபு எழுத்துச் சட்டத்தைக் கழற்றி மெத்தைக்குள் வைத்துத் தைத்திருந்தார்.

"எங்கட நீளக் கத்தியக் காணல்ல சேர்," என்றாள் ஸுல்பிகா, மேசைக்குப் பின்னால் இருந்த இராமலிங்கத்திடம். தன் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை காட்டினாள். "நேத்து ராவு, இண்டைக்குக் கொண்டுபோய்க் குடுப்பம் எண்டு பெட்டியத் தொறந்தன். கத்தி இல்ல. அதில ஜப்பான் எழுத்து வெட்டியிருக்கு. ஆரும் எங்கயாச்சும் கண்டெடுத்தா, அது என்ன எழுத்தெண்டு ஆரு கேக்கப் போறா?"

தோஹாவில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் சமையல் செய்யும் கணவன் மர்ஸூக், சென்ற விடுமுறையில் கொண்டுவந்த கத்தி அது. பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெளிநாட்டவர்களுக்கு அவள் வீட்டில் சுஷி செய்து கொடுத்துவந்தாள். ஏப்ரல் இருபத்தோராம் திகதிக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

இராமலிங்கம் உடப்பு என்ற தமிழ்க் கிராமத்துக்காரர். முப்பது வருடம் உடைந்த படகுகளைப் பார்த்து, உடைந்ததா உடைக்கப்பட்டதா என்று எழுதியவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தச் சாப்பாட்டுக்கு என்னென்ன சாமான் தெரிஞ்செடுத்து வாங்கினீங்கள்? ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."

"சேர், காணாமப் போனது கத்தி!" என்றாள் அக்கீலா.

"கத்தி இப்ப எங்களோட கதைக்காது பிள்ளை. மிச்சச் சாமான் கதைக்கும்."

ஸுல்பிகா மூச்சு வாங்கிக்கொண்டு தொடங்கினாள். அரிசி குட்டை அரிசியாக இருக்க வேண்டும். கீரிச்சம்பாவில் செய்து பார்த்தாள், உருட்டினால் உதிர்ந்துவிட்டது. வினாகிரி அரிசியில் செய்தது, மதுசாரம் கலக்காதது. போத்தலின் பின்பக்கத்தை வாசிக்காமல் வாங்குவதில்லை. சோறு கலக்க மரத்தொட்டி, ஏனென்றால் அலுமினியச் சட்டியில் வினாகிரி பட்டால் வாடை வரும். சுருட்டுவதற்கு மூங்கில் பாய். மீன், விடியற்காலையில் கரைக்கு வந்து ஐஸில் போட்ட சூரை.

"கத்தி ஒரு பக்கம் மட்டும் தீட்டினது. துருப்பிடிக்கிற இரும்பு சேர். எண்ணெய் பூசாம ஒரு ராவு வச்சாப் போதும், இந்த உப்புக் காத்துக்குப் பழுப்பாகிரும். போன மாசம் அப்பிடித்தான் ஆச்சு. எனக்கு ஒத்தாசைக்கு வார சுபாஜினி ஒரு பகல் முழுக்க இருந்து தேச்சா. இனி, பாசித்தாள். கறுப்புக் கடதாசி மாதிரி, கடல்பாசியில செய்யிறது. காத்துப் பட்டாப் பத்து நிமிசத்தில நமுத்துரும். டின்னுக்குள்ள ஈரம் உறிஞ்சிற சின்னப் பக்கட்டுகள் கிடக்கும். நானும் சுபாஜினியும் அதுகளத் தாச்சியில சூடு காட்டித் திரும்பப் போடுவம்."

"வீட்டில வேற ஆர்?"

"மாமி சாரா உம்மா. அவ அந்தப் பக்கட்ட எலிப்பாஷாணம் எண்டு சொல்லி டின்னையே தொட மாட்டா. மற்றது மச்சான் நௌஃபர். அவர் உப்பெண்டு நினைச்சு ஒரு பக்கட்டப் பிச்சு மீனில தூவிட்டார்."

அந்தப் பயத்திலும் அக்கீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் ஸுல்பிகாவின் வீட்டுக்கு நடந்தார்கள். ஒழுங்கை முனையில் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். அக்கீலா முக்காட்டைச் சரிசெய்தாள். சரிசெய்தது சந்தேகமாகத் தெரியுமோ என்று கையை உடனே இறக்கினாள்.

கத்திப் பெட்டி இருந்த அலுமாரியின் திறப்பு அடுக்களை ஆணியில் தொங்கியது. அதை எல்லோரும் அறிவார்கள். பூட்டு உடைக்கப்படவில்லை. கத்திப் பெட்டியில் கத்திக்குப் பதிலாகத் தீட்டுக்கல் ஒன்று, அசையாதபடி பழந்துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தது. இராமலிங்கம் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "பாரம் சரியா இருக்கு," என்றார்.

சாரா உம்மா வாசற்படியில் நின்று முணுமுணுத்தாள். அவளுடைய பார்வை அடிக்கடி கிணற்றுப் பக்கம் போனதை அக்கீலா கண்டாள். அடுக்களையில் தேங்காய் வெட்டும் கத்தியுமில்லை, மீன் கத்தியுமில்லை. அக்கீலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாமி, கிணத்துக்குள்ள போட்டீங்களா?"

கிழவி அழத் தொடங்கினாள். "போட்டன் மகள். மூணையும் போட்டன். வெங்காயம் வெட்ட ஒண்டுமில்ல, ரெண்டு நாளாக் கல்லில குத்துறன். அந்த எழுத்துக் கத்தியத் தொடல்ல. அல்லாஹ்மேல ஆணை, எழுத்துள்ளதத் தொட எனக்குப் பயம்."

நௌஃபர் கயிற்றில் பெரிய காந்தத்தைக் கட்டி இறக்கினான். மூன்று கத்திகள் வந்தன. நான்காவது வரவில்லை. அக்கீலாவின் முகம் சுருங்கியது.

"பிழையான முடிவில்லை, பாதி முடிவு," என்றார் இராமலிங்கம். "பாசித்தாள் டின்னைக் கொண்டுவாங்கோ."

மூடி இறுக்கமாக இருந்தது. அக்கீலா ஒரு தாளை எடுத்துக் கடித்தாள். ஈரத் துணியைக் கடித்ததுபோல இழுபட்டது.

"வியாழன் பின்னேரம் நான் திண்டன்," என்றான் நௌஃபர். "பப்படம் மாதிரி நொறுங்கிச்சு."

"பிறகு?"

"வெள்ளி விடியக் கடலுக்குப் போயிட்டன். நேத்துப் பின்னேரம்தான் கரைக்கு வந்தன்."

அக்கீலா டின்னின் அடியைத் துழாவினாள். கை வெறுமையாக வந்தது. "பக்கட்டுகள் இல்ல சேர். ஒண்டுகூட இல்ல."

இராமலிங்கம் தலையசைத்தார். மணி இரண்டரை. தெருவில் கனரக வாகனம் ஒன்று ஊர்ந்து போனது. அது நின்றுவிடுமோ என்று வீட்டில் எல்லோரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். நிற்கவில்லை.

"சுபாஜினியைக் கூப்பிடுங்கோ," என்றார்.

சுபாஜினி நான்கு வீடு தள்ளி இருந்தாள். வவுனியாவில் பிறந்து கற்பிட்டி மீனவன் ஒருவனைக் கட்டி வந்தவள். வந்ததும் சுவரோரம் நின்றாள். இராமலிங்கம் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"வெளியாள் எடுத்திருந்தால் பெட்டியோட போயிருக்கும். பகையில எடுத்தவன் தீட்டுக்கல்லை வைச்சுப் பாரம் சரிபார்க்க மாட்டான். பயத்தில எறிஞ்சவர் துருப்பிடிக்கிறதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். தண்ணிக்குள்ள போற சாமானுக்கு ஈரம் உறிஞ்சிற பக்கட்டு எதுக்கு? எடுத்தவர் அந்தக் கத்தியைக் காய்ஞ்சபடி, பழுதாகாம, திருப்பித் தர வைச்சிருக்கிறார். வீட்டில மாமிக்கு அந்தப் பக்கட்டு எலிப்பாஷாணம். நௌஃபருக்குக் கெட்ட உப்பு. அது ஈரம் உறிஞ்சும் எண்டு தெரிஞ்சவை ரெண்டு பேர்தான். ஒராள் என்னட்டை அழுதுகொண்டு வந்தவ."

சுபாஜினி நிலத்தைப் பார்த்தாள்.

"நீயா?" என்றாள் ஸுல்பிகா. "வெள்ளிக்கிழமை மரத்தொட்டி கழுவ வந்தியே, அப்பவா?"

"ஓம் அக்கா."

"ஏன்டி? என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதா? நேத்து ராவிலயிருந்து நான் செத்துப் பிழைக்கிறன்!"

"சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் அக்கா," என்றாள் சுபாஜினி. "2008இல, சண்டைக் காலத்தில, ஆமிக்காரர் எங்கட வீட்டைச் சோதிச்சவங்கள். தம்பி ரேடியோ திருத்துறவன். பழைய பற்றரியும் வயரும் கோழிக்கூட்டுக்குள்ள வைச்சிருந்தான். அம்மாக்குத் தெரியும். கேக்கக்குள்ள அம்மா ஒரு சொல்லும் சொல்லேல்ல. ஆனா முகம் கோழிக்கூட்டைப் பார்த்திட்டுது. தம்பி ரெண்டு வருசம் உள்ள இருந்தான். உங்கட முகமும் அப்பிடித்தான் அக்கா. ஒண்டையும் மறைக்காது."

சுபாஜினி ஸுல்பிகாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எங்கட வீடுகள். இப்ப உங்கட வீடுகள். என்ர வீட்டுக்கு இந்த முறை வரமாட்டாங்கள் எண்டு நினைச்சன். சாமிப்படத்துக்குப் பின்னால எண்ணெய் பூசிச் சுத்தி வைச்சிருக்கிறன். ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது சனிக்கிழமைதான் என்ர காதில விழுந்தது. திருப்பிக் கொண்டுவர வெளிக்கிட்டன். முனையில ஆமி நிக்கிறான். கால் வரேல்ல."

ஸுல்பிகா அவளை அடிக்கப் போவதுபோலக் கிட்டப் போய், அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். "பைத்தியம்," என்றாள். "பைத்தியக்காரி."

"அழ இன்னும் நேரமிருக்கு, ஒப்படைக்க இல்லை," என்றார் இராமலிங்கம். அக்கீலாவிடம் திரும்பினார். "மரத்தொட்டி, பாய், வினாகிரிப் போத்தல், அரிசி, பாசித்தாள் எல்லாத்தையும் ஒரு கூடையில போடு. தனிக் கத்தியாப் போனால் அது ஆயுதம். கூடையோட போனால் அடுக்களைச் சாமான்."

அவர் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினார். கத்தியின் நீளம், வாங்கிய இடம், பயன், அதில் வெட்டியிருக்கும் எழுத்து கத்தியைச் செய்தவனின் பெயர் என்பது எல்லாம் அதில் இருந்தன. சுபாஜினியின் பெயர் இல்லை. பிறகு அலுவலகத்தில் நின்ற தன் பழைய வானை எடுத்துவந்து சுபாஜினியின் வாசலில் நிறுத்தித் துணிப்பொதியைத் தானே வாங்கி, கூடையின் மேலே எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்.

முனையில் சிப்பாய் கையைக் காட்டினான். வான் நின்றது. இராமலிங்கம் கடிதத்தை நீட்டினார். சிப்பாய் வாசித்தான், கூடையைப் பார்த்தான், பாசித்தாள் டின்னைத் திறந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தான்.

"மே மொகக்த?" இது என்னவென்று கேட்டான்.

"கன ஜாதியக், மாத்தயா," என்றாள் அக்கீலா. சாப்பிடுகிற ஒன்று. தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "ஆனா இது நமுத்துப் போச்சு," என்று தமிழில் சேர்த்தாள்.

அவன் மூடியை மூடிக் கையசைத்தான்.

பொலிஸ் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. பிற்பகல் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஸுல்பிகாவின் முறை வந்தது. பதிவேட்டில் "நீளக் கத்தி ஒன்று, வெளிநாட்டு எழுத்துடன்" என்று எழுதப்பட்டது. அவளுக்கு ஒரு பற்றுச்சீட்டு கொடுக்கப்பட்டது. கூடையும் மிச்சச் சாமான்களும் அவளுடன் திரும்பின.

மே 9ஆம் திகதி காலை அந்த ஒழுங்கை சோதனையிடப்பட்டது. ஸுல்பிகாவின் வீட்டில் ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் தேடினார்கள். எதுவும் எடுக்கப்படவில்லை. சுபாஜினியின் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.