அறுபத்தொன்றாவது மாடு

பிற்பகல் இரண்டு மணிக்கு, இன்னும் கறக்க வராத மாடுகளின் பட்டியலைத் திரையில் பார்த்த அன்புக்கரசிக்கு எரிச்சல் தலைக்கேறியது. முதல் வரியில் மாடு எண் அறுபத்தொன்று என்றிருந்தது. தொண்டூர் சாலையில் இருக்கும் அவளுடைய பண்ணையில் மொத்தமே அறுபது மாடுகள்தான். ஒன்றரைக் கோடி கொடுத்து வாங்கிய பால் கறக்கும் ரோபோவுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை.

மெஷின் விற்ற ஆனந்தராஜுக்கு போன் போட்டாள்.

“இல்லாத மாட்ட எங்கப்பா போயி புடிச்சாறது?”

“சாஃப்ட்வேர்ல எதனா இருக்கும் மேடம். திங்கக்கெழம ஆள் அனுப்புறேன்.”

அதே திங்கட்கிழமைதான் பாங்க்காரர்களும் வருகிறார்கள், அடமானம் வைத்த நிலத்தை எடுத்துக்கொள்ள. மாடு தானாக வந்து பெட்டிக்குள் நிற்கும், இரும்புக் கை தானாகக் கறக்கும், எட்டு பேர் கூலி மிச்சம் என்று இந்த ஆனந்தராஜ்தான் அன்று தேனாகப் பேசினான். நாளுக்குத் தொள்ளாயிரம் லிட்டர் கறந்தால் தவணை கட்டலாம். கறப்பது நானூறு. பால் விலை ஏறவில்லை, கரண்ட் பில் மட்டும் மூன்று மடங்கு. மாடுகளோ மடி கனத்து நின்றனவே தவிர, பெட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திட்டிக்கொண்டே கொட்டகைக்குள் போனாள். மலைப்பாறைகளில் பட்டு வந்த அனல் காற்றில் சாணமும் புளித்த தீவனமும் மணக்க, மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், யாரோ ஆசையாக எதையோ சப்பிக் குடிக்கிற சத்தம் பெட்டிக்குள்ளிருந்து விட்டுவிட்டு வந்தது. கூடவே கருகிய தோலின் வாடை.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்து, பால் சுரப்பதற்காகத் தாய்மாட்டின் முன்னால் நிறுத்துவாள் தைலம்மாள், இருபது வருஷமாக அங்கே பால் கறந்தவள். ஆட்களை நிறுத்திய அன்று, மெஷினுக்குக் கன்று எதற்கு என்று அன்புக்கரசி அந்தத் தோல்கன்றைக் கொளுத்திவிட்டாள்.

பெட்டிக்குள் அது நின்றிருந்தது.

போனில் தைலம்மாளைக் கூப்பிட்டாள்.

“தோல்கன்ன நீ கொண்டாந்து வெச்சியா?”

“இன்னாம்மா சொல்றீங்க? நீங்கதான அத கொளுத்துனீங்க. சாம்பல நாந்தான அள்ளிக் கொட்னேன்.”

போன் நழுவியது. கால்கள் அவள் பேச்சைக் கேட்காமல் பெட்டிக்குள் நடந்தன.

கன்று தலையைத் திருப்பியது. வைக்கோல் உரசியது. பாதி எரிந்த முகம். மூக்கு மட்டும் ஈரம்.

அவள் மார்பில் முட்டியது. மறுபடி முட்டியது.

ஏதோ சுரந்தது. கனத்தது. கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்து இருபது வருஷம். ஜாக்கெட் நனைந்தது.

பின்னால் கேட் மூடியது. எதிர்த் தொட்டியில் தீவனம் கலகலவென்று கொட்டியது. திரையில் அறுபத்தொன்று பச்சையானது.

அறுபது மாடுகளும் அசை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்க, இரும்புக் கை சிவப்பு வெளிச்சத்தோடு கீழிருந்து எழுந்து, தடவித் தடவி, அவளை நோக்கி வந்தது.