முதல் பதில்

குருவி என்பது அண்ணன் வைத்த பெயர். எந்நேரமும் 'டிட் டா டிட்' என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தால் வேறென்ன பெயர் வைப்பான்?

வீட்டிலிருந்தே வானொலியில் பிறரோடு பேசும் அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கான தேர்வை அவளும் அம்மாவும் சேர்ந்துதான் எழுதினார்கள். அம்மா லிஃப்ட் மெக்கானிக். மின்சாரக் கேள்விகளை ஊதித் தள்ளிவிட்டார். எழுத்துகளை டிட், டா என்று அனுப்பும் மோர்ஸ் ஒலிகளைக் கேட்டு எழுதும்போதுதான் கோட்டைவிட்டார். ஒலிகள் வேகமாக வரவர, அவர் பென்சில் அந்தரத்திலேயே நின்றது.

"எனக்குக் கொசு பாடுற மாதிரிதான் கேட்டுச்சு" என்றார் வெளியே வந்து.

குருவி மட்டும் தேறினாள்.

உரிமம் தபாலில் வந்த அன்று வீடே இரண்டுபட்டது. அதில் அவளுக்கென்று ஓர் அழைப்புக்குறி இருந்தது. நான்கு எழுத்து, ஓர் எண். உலகத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. அம்மா மாடியில் ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டினார். அண்ணன் அவள் சொல்வதை எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான்.

குருவி ரேடியோவின் மோர்ஸ் விசையைத் தட்டி அழைத்தாள். வெறும் இரைச்சல். இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை, இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய ஒலி வந்தது. யாரோ அவளுடைய அழைப்புக்குறியைத் தட்டுகிறார்கள்!

குருவி விறுவிறுவென்று பதில் அனுப்பினாள்.

எதிர்ப்பக்கம் தடுமாறியது. ஓர் எழுத்து வந்தது, தப்பாயிற்று, மறுபடி முதலிலிருந்து வந்தது. பிறகு நின்றேபோனது.

"ஆமை மாதிரி இருக்கு. விட்டுட்டு வேற ஆளைப் பிடி" என்றான் அண்ணன்.

குருவிக்குத் தேர்வறையில் நின்றுபோன பென்சில் நினைவுக்கு வந்தது. அந்த ஆளுக்கும் அவளுடைய வேகம் கொசுப்பாட்டாகத்தான் கேட்டிருக்கும்.

"இருடா அண்ணா" என்றாள்.

இந்தமுறை பாதி வேகத்தில் தட்டினாள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டாள். அவசரமில்லை, மெதுவாக அனுப்புங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பதில் வந்து முடிய அரைமணி நேரமாயிற்று. எழுதியதை அண்ணன் உரக்கப் படித்தான்.

'நான் பல் டாக்டர். நாற்பது வருடம் பல் பிடுங்கியும் கை நடுங்கியதில்லை. விசையைத் தொட்டால் நடுங்குகிறது. நான்கு நாளாக எல்லோரும் பாதியில் போய்விட்டார்கள். நீங்கள்தான் என் முதல் ஆள்.'

அம்மா சிரித்தேவிட்டார்.

நீங்களும் எனக்கு முதல் ஆள்தான் என்று குருவி அனுப்பினாள். நாளைக்கும் இதே நேரத்துக்கு வரட்டுமா என்று டாக்டர் கேட்டார்.

'வாருங்கள்' என்று ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகத் தட்டினாள் குருவி.