சுரண்டிய தகடு

இருட்டறையில் மருந்துத் தட்டில் மெல்லத் தெளிந்து வந்த படத்தில் தராசுக்காரர் சின்னத்தம்பி காமிராவைப் பார்க்கவில்லை. நடு நாற்காலியைப் பார்த்தார். போன வருஷம் படமெடுத்தபோது பாக்கு மண்டி ஆட்கள் அத்தனை பேரும் தன் விரலையே பார்த்து மூச்சடக்கி நின்றது ஜெகபர் சாதிக்குக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்று நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் ஜெய்னம்பு. புருஷன் மவுத்தானதும் மண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மலாயாவின் லாபிஸ் ஊர் வியாபாரிகளை ஐந்து வருஷம் ஆட்டிப் படைத்தவள். சாதிக் காய்ச்சலில் கிடந்தபோது நாற்பது நாள் வெந்தயக் கஞ்சி கொடுத்தனுப்பியவளும் அவள்தான்.

சாதிக்கின் ஸ்டூடியோத் திரையில் பிரமிடு உண்டு; ஒட்டகமாக முயன்று ஆட்டோடு நின்றுபோன ஒரு பிராணியும் உண்டு. அதன் முன் உட்கார்ந்த எவரையும் எகிப்து சரித்திரம் கேட்காமல் அவர் எழவிட்டதில்லை. அன்று ராணி ஹட்ஷெப்சுட்டின் முறை. சக்களத்தி மகன் சிறுவன் என்று ஆளவந்தவள், தானே கிரீடம் சூடி, பொய்த்தாடியோடு சிலையும் வடித்துக்கொண்டாள். பிற்பாடு அவள் பெயரையும் முகத்தையும் கல்லிலிருந்தே கொத்தி எடுத்தார்கள். ஜெய்னம்பு வளையல் குலுங்கச் சிரித்தாள். பின்னால் நின்ற, அவள் புருஷனின் மூத்த தாரத்து மகன் ருக்னுதீன் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டான்.

நேற்று வந்தான்.

"பாய், அந்த எகிப்து ராணிக்குச் செஞ்சாங்களே, அதே வேலைதான். சின்னும்மா மண்டிக்குத் தலைவியா இருந்ததே இல்லன்னு கோர்ட்டுல காட்டணும்."

"பாவம் தம்பி அது."

"சரித்திரம் தெரிஞ்சவரு நீங்க. உங்களை விட்டா இதை நேர்த்தியா யாரு செய்வா?"

அந்த ஒரு புகழ்ச்சிக்கு சாதிக் விழுந்தார். பணத்துக்கு விழுந்திருந்தாலாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம். ராத்திரியே கண்ணாடித் தகட்டில் அவளைச் சுரண்டினார். தகட்டில் சுரண்டிய இடம் காகிதத்தில் கறுப்பாக விழும். நாற்காலிக்குத் துணி போர்த்தியிருக்கிறது என்று கோர்ட்டு நம்பிவிடும்.

இரண்டாவது காகிதத்தை மருந்தில் இட்டார். இருட்டறைக்கு வெளியே பட்டப்பகல். தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது, ஸ்டேஷனில் சரக்கு வண்டி முனகிக்கொண்டிருந்தது, உள்ளே சிவப்பு விளக்கடியில் மருந்து நெடியை மீறி எங்கிருந்தோ வெந்தய வாசனை எழுந்து வந்தது. படம் தெளிந்தது. இப்போது எல்லாத் தலைகளும் கறுப்பை நோக்கித் திரும்பியிருந்தன.

மூன்றாவது படம். எல்லோரும் குனிந்திருந்தார்கள். ருக்னுதீனும்.

சாதிக்குக்குக் காது சுட்டது. பயத்தைவிட வெட்கம் முந்திக்கொண்டது. ஜெய்னம்பு பார்த்துவிட்டாள். ஓடிப்போய் அவளிடமே சொல்லிவிடலாம், நான்தான் செய்தேன் என்று. கதவு நாலு எட்டு. போகவில்லை. நாலாவது காகிதத்தை எடுத்தார்.

சரக். எங்கோ சுரண்டுகிற சத்தம்.

சரக்.

"ஆச்சா பாய்?" கதவைத் தள்ளிக்கொண்டு ருக்னுதீன் வந்தான். தட்டின் மேல் குனிந்தான்.

"கறுப்பு எங்க? அந்த நாற்காலியில நீங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

சாதிக் பார்த்தார். நாற்காலியில் அவர்தான். ஆட்கள் எவரும் குனியவில்லை. சுற்றி நெருங்கி நின்றார்கள். பின்னாலிருந்து வளையலணிந்த கை ஒன்று அவர் தாடையைப் பிடித்திருந்தது. படத்தில் அவருக்கு வாய் இல்லை. அந்த இடம் கறுப்பு.

"பேசுங்க பாய்."

சாதிக் பேசப் பார்த்தார். வாய் இருந்த இடத்தில் எதைத் திறப்பது என்று தெரியவில்லை.

தட்டில் மருந்து லேசாக அலைந்தது. அவர் இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பு தொடங்கியது.