கூப்பிடாமல் கொளுக்கி எடுப்பவர்

கோப்பாயில் உதயகலா அன்ரியின் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு பின்னேரம். உயர்ந்த மதில், இரும்புப் படலை, உள்ளே மாமர இருட்டு. பிள்ளைகள் மூவரும் கனடாவில். மதில் கட்ட வந்தவர்கள், அம்மாவோடு இருக்க வரவில்லை.

குருநகரில் எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். உளவியல். தனியே இருப்பவர்களின் பயத்தைப் பற்றிய ஆய்வுக்காக வீடு வீடாகப் போகிறேன். அலைச்சல் எனக்கு, பெயர் பேராசிரியருக்கு.

கதைத்துக்கொண்டிருக்கையில் படலைக் கொளுக்கி 'டக்' என்றது. அன்ரி தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே விறைத்துப்போனார். கண் இமைக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். படலை சாத்தியபடியே இருந்தது.

"காத்து, அன்ரி."

"காத்து கொளுக்கி எடுக்காது பிள்ளை."

எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தான் கொளுக்கியில் கை வைப்பார்கள். சண்டைக் காலத்தில் ஒருவன் தலையில் ஈரச் சாக்கோடு, கூப்பிடாமல் கொளுக்கி எடுத்து வந்தான். அன்ரியின் கணவர் தியாகலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனான். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. தனியே அடைத்து வைத்த எலி, பயந்த சத்தத்தை இலேசில் மறக்காது. துணையோடு இருக்கும் எலி மெல்ல மறந்துவிடும் என்று படித்திருக்கிறேன். தனிமை மூளையையே மாற்றிவிடும். இந்த மனுசியை எலி மாதிரி அடைத்து வைத்தது யார்?

"நான் பக்கத்திலை இருக்கிறன். சத்தம் கேட்டா விறைச்சுப்போய் இருக்காதேங்கோ. வாற ஆக்களுக்குச் சொல்லுற மாதிரி 'வாங்கோ' எண்டு சொல்லுங்கோ."

"ஆருமில்லாத படலைக்கோ? விசர்க்கதை."

"ஆருமில்லையெண்டா ஏன் பயம்?"

அடிக்கடி போனேன். முதலில் அன்ரிக்குக் குரல் வரவில்லை. பிறகு ஒரு முணுமுணுப்பு. ஒருநாள் கொளுக்கிச் சத்தம் கேட்டதும், வெங்காயம் உரித்தபடியே, தலையைக்கூடத் திருப்பாமல், "ஓம், வாங்கோ" என்றார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றைக்குத்தான் படலை திறந்தது.

ஆள் இல்லை. ஈரச் சாக்கின் மணம் மட்டும் முற்றத்தைக் கடந்து உள்ளே வந்தது.

அடுத்த முறை போனபோது மேசையில் மூன்று கோப்பைகள்.

"ஆருக்கு அன்ரி?"

"வந்திருக்கிறாரெல்லே."

"அங்கிளோ?"

"இல்லைப் பிள்ளை. அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்." அன்ரி சிரித்தார். "பாவம், இவ்வளவு காலமும் வெளியிலை நிண்டவர். பயத்திலை நான்தான் உள்ளுக்கு விடேல்லை."

மூன்றாவது கோப்பையில் தேத்தண்ணி குறைந்துகொண்டே போனது.

எழும்பினேன். பையைத் தூக்கினேன்.

"பொழுதுபடுது, தனிய போகாதை," என்ற அன்ரி, வெறும் கதிரையைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "பிள்ளையைக் கொண்டுபோய் விடுறீங்களோ?"

வெளியே வந்து ஸ்கூட்டியில் ஏறினேன். யாரோ பின்னால் ஏறி உட்கார்ந்தது போலச் சீற்றின் பின்பக்கம் பதிந்தது.

அன்ரி இப்போது நன்றாகத் தூங்குகிறாராம். பேராசிரியருக்கும் சந்தோசம். நான் நல்லூரில் என் வாடகை அறையை விட்டு வெளிக்கிடுவதில்லை. என்னோடு படித்த பிரசாந்தி இன்று மத்தியானம் வந்து கதவடியில் நின்றாள்.

"என்னடி கோலமிது? நான் கொஞ்ச நாள் வந்து நிக்கட்டே?"

"வேண்டாம்."

"ஊருக்கெல்லாம் உளவியல் சொல்லு. உனக்கு மட்டும் ஒண்டும் விளங்காது."

விளங்கியதால்தான் வேண்டாம் என்றேன். அவள் வந்தால் சேர்ந்து சமைப்போம், சிரிப்போம். என் பயம் மெல்லக் கரைந்துவிடும். கரைந்தால், கதவில் சத்தம் கேட்கும் ஏதோ ஒரு நாளில், என் வாய் தன்பாட்டில் "வாங்கோ" என்று சொல்லிவிடும்.

கதவைச் சாத்திவிட்டு யன்னலால் பார்த்தேன். கொதிக்கும் வெயில். பிரசாந்தி என் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். சீற்றின் முன்பக்கம் சுட்டது போலும், கையை உதறிப் பின்பக்கம் வைத்தாள்.

வைத்த கையை உடனே எடுத்து, யன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த இடம் மட்டும் ஏனடி இப்பிடிக் குளிருது?"