ஒழுகினசேரிப் பாலத்துத் தேயிலை

“நில்லும்! அது யாரு வீட்டுத் தேயிலைன்னு நினைச்சீரு?”

லீதியாள் போட்ட சத்தத்தில் ஒழுகினசேரிப் பாலமே திரும்பிப் பார்த்தது. தூறலில் குடையை விரிக்கக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள். காலிப் பெட்டியும் கையுமாக நின்றான் சிவதாணு. கூட வந்த மாணவர்கள் கோஷம் போட்டபடியே நழுவிவிட்டார்கள். கீழே பழையாறு அவள் அப்பாவின் சாயாக்கடைச் சரக்கை அள்ளிக்கொண்டு போயிற்று.

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி தங்கிய இமைகள்... பெரிய, கறுத்த கண்கள்... சே, இந்த நேரத்தில் கண்ணையா பார்ப்பது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“வெள்ளைக்காரன் தோட்டத்துச் சரக்கு... காலையில புரொபசர் சொன்னாரே, பாஸ்டன் துறைமுகத்துல தேயிலையக் கடல்ல கொட்டித்தான் அமெரிக்காக்காரன்...”

“நானும் அதே வகுப்புலதான் இருந்தேன்!”

அவன் விழித்தான். அவனுக்கு எப்படித் தெரியும்? பேராசிரியர் முதுகுக்குப் பின்னால் வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்து, அவர் முதுகுக்குப் பின்னாலேயே வெளியேற வேண்டும் பெண்கள். கல்லூரி வழக்கம் அப்படி!

“பாஸ்டன்காரன் கம்பெனிச் சரக்கைக் கொட்டினான். நீரு எங்கப்பா வாங்கி வச்ச சரக்கைக் கொட்டினீரு. அவன் ஆசையாக் குடிச்சதை விட்டான். நீரு என்னத்த விட்டீரு? எங்க கடையில ஒருநாளாவது பச்சத்தண்ணி குடிச்சிருக்கீரா?”

அவன் காலிப் பெட்டியைக் கீழே வைத்தான். பூதப்பாண்டிப் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. சாதி பார்த்து, லீதியாள் வீட்டார் கைத் தண்ணீரை அந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. வாங்கிக் குடிக்காத கை, கொட்ட மட்டும் நீண்டதே! நினைக்க நினைக்க அவளுக்கு ரத்தம் கொதித்தது.

வீட்டில் அதைவிடப் பெரிய இடி காத்திருந்தது.

“பாடம் படிச்ச பயலுவதான் கடையக் கவுத்தானுவ. அந்த வகுப்புக்கு இனி நீயும் போவாண்டாம், மக்களே” என்றார் அப்பா சத்தியநேசன்.

எவ்வளவு மன்றாடிச் சேர்ந்த கல்லூரி! தப்பு செய்தவன் ஜம்மென்று உட்கார்ந்து அமெரிக்க விடுதலையைக் கேட்பானாம். இவள் அடுப்படியில் தம்ளர் கழுவ வேண்டுமாம்... எந்த ஊர் நியாயம் இது?

சனிக்கிழமை. நல்ல மழை. கடை நிறைய ஆள். லீதியாள் உள்ளே தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நனைந்துகொண்டே உள்ளே வந்தான் சிவதாணு.

“அண்ணாச்சி, ஒரு சாயா.”

கடையில் பேச்சு நின்றது. அண்ணாச்சியா? பண்ணையார் வீட்டில் அவள் அப்பாவைப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுவார்கள்!

“விளையாடாதேயும் பிள்ளே. அந்தா எதிர்க்கடையில உங்க மாமா நிக்காரு.”

“நிக்கட்டும்.”

அப்பா தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். நாக்கைச் சுட்டாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். “ஏலே! இனி நம்ம வீட்டு நடையேறாத!” என்று எதிர்க்கடையிலிருந்து மாமாவின் குரல் இடித்தது. அவன் திரும்பவில்லை.

“தப்பு என்னுது, அண்ணாச்சி. முன்பெஞ்சுல அவங்க இடம் காலியாக் கெடக்கு. வகுப்ப விட்டு நிக்கணும்னா நான் நிக்கேன். அவங்கள அனுப்புங்க.”

அப்பா அவன் குடித்து வைத்த தம்ளரைப் பார்த்தார். பிறகு, “திங்கக்கெழம புஸ்தகத்த எடுத்துக்க, மக்களே” என்றுவிட்டு அடுப்புப் பக்கம் போனார்.

லீதியாள் அவன் பக்கத்தில் வந்தாள். தம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

“லீதியாள்... வந்து... பாலத்துல ஒங்க சத்தம் கேட்டதுலேருந்து... நீங்க இல்லாத வகுப்புல...” தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

“விடுதலை கேட்டவன் இப்பிடித் தரையப் பாத்தா கேட்டான்? நிமிர்ந்து சொல்லும்!”

நிமிர்ந்தான். அதே கண்கள்...

“எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. கட்டினா ஒங்களத்தான் கட்டுவேன்.”

அவள் கன்னம் சுட்டது. ஆனாலும் கோபத்தை அவ்வளவு லேசில் விட்டுவிடுவாளா?

“நாளைக்கும் வாரும்” என்றாள். “ஒருநாள் குடிச்சா எல்லாவனும் வீரந்தான். தினமும் வந்து குடியும்... கலியாணப் பேச்ச அப்பாட்ட நானே சொல்லுதேன்.”